பதிகம் முடிவதற்குள் வெளுத்த பொன்

நன்றாகப் பாடுகிறவர்களால் உலகுக்குத் துன்பமில்லை. பாடவே வராதவர்களாலும் இல்லை. சுமாராகப் பாடிக்கொண்டு, கேட்கிறவர்கள் எல்லாரும் பக்தியினால்தான் கண்ணை மூடுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் அந்த மூன்றாம் இனத்தின் மூத்த உறுப்பினன்.

அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஆனால் என் மூச்சு என்னவோ பழைய பக்திப் பாடல்களில்தான் ஓடுகிறது. மார்கழி விடியலில் எங்கள் சங்கரன்கோவில் இரதவீதியில் பாராயணம் பாடிச் செல்லும் குழுவில், குரல் எட்டாத இடத்துக்கும் எட்டிப் பாடுகிறவர் ஒருவர் உண்டென்றால் அது அடியேன். எனக்கு ஒரு விரதமும் உண்டு. பதிகத்தைத் தொடங்கினால் கடைக்காப்பு வரை முடித்தே தீருவேன். (பதிகம் என்பது பத்துப் பாட்டு, அதைப் பாடினால் கிட்டும் பயனைச் சொல்லி முத்திரை வைக்கும் இறுதிப் பாட்டுத்தான் கடைக்காப்பு.) இடையில் நிறுத்துவது, சுவாமியைத் தேரில் ஏற்றி இழுத்துவந்து நடுத்தெருவில் விட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவதற்குச் சமம் என்பது என் கொள்கை. ஒருமுறை பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தபோதும் நான் ஆறாம் பாட்டில் அசையாமல் நின்றேன். என் மனைவி மீனாட்சி அந்தப் பாலைப் பற்றி இன்றுவரை பேசுகிறாள். அந்த ஆறாம் பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இந்த விரதம் என் மருமகள் கோமதியின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

கோமதி இயற்பியலில் ஆய்வுப் பட்டம் பெற்றவள். உலோக ஆக்சைடுகள் சூடேறும்போது அவற்றின் நிறமும், அவற்றினூடே மின்சாரம் பாயும் தன்மையும் எவ்வாறு மாறுகின்றன என்பது அவளுடைய ஆய்வு. ஊரிலேயே ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். பணி நிரந்தரமாகவில்லையென்றால் கோயம்புத்தூரில் காத்திருக்கும் வேறொரு வேலைக்குப் போய்விடுவதென்று அவளும் என் மகனும் முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் போனால் மாடி காலியாகும். அடுப்படியில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து என்னைப் பற்றிச் சிரிக்கும் ஒலி நின்றுபோகும். அதைவிடக் கொடுமை, வீட்டில் என் பாட்டை உட்கார்ந்து கேட்கும் ஒரே ஆளையும் நான் இழப்பேன்.

ஒருநாள் மாலை அவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "மாமா, இங்கன வாங்க. ஒண்ணு காட்டுதேன்."

போனேன். ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியில் சிறிதளவு வெண்பொடி. பார்ப்பதற்குத் திருநீறேதான். கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"பூசிராதீங்க மாமா! துத்தநாக ஆக்சைடு. பெயிண்ட்ல போடுவாங்கள்லா, அது."

கரண்டியைக் கேஸ் அடுப்பின் தீயில் பிடித்தாள். சற்று நேரத்தில் வெள்ளை மெல்லக் கனிந்தது. பிறகு எலுமிச்சைத் தோல் போல மஞ்சளாயிற்று. நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை. தீயிலிருந்து எடுத்தாள். மஞ்சள், வந்த வழியே வெள்ளைக்குத் திரும்பியது. மறுபடி தீயில் காட்டினாள், மறுபடி மஞ்சள்.

"என்னம்மா மாயம் இது!"

"மாயமெல்லாம் இல்ல மாமா. உள்ள எலக்ட்ரான் தாண்ட வேண்டிய படி ஒண்ணு இருக்கு. சூடு ஏற ஏற அந்தப் படியோட உயரம் குறையும். அப்போ வெளிச்சத்துல இருக்கிற ஊதாவ அது முழுங்கிரும். மிச்சம் நம்ம கண்ணுக்கு மஞ்சளாத் தெரியும். ஆறுனா படி பழையபடி உயர்ந்துரும்."

பிறகு ஒரு கறுப்பு வில்லையைக் காட்டினாள். அசப்பில் புளியங்கொட்டைதான், இரண்டு மெல்லிய கம்பிகள் அதை ஒரு சிறு பெட்டியோடு இணைத்திருந்தன. அதுவும் உலோக ஆக்சைடுதானாம். சாதாரணக் கம்பி சூடானால் மின்சாரம் ஓடத் திணறும். இது சூடானால் தாராளமாக ஓடவிடும். விரல்களுக்குள் வைத்து மூடினாள். கைச்சூட்டிலேயே பெட்டி 'கீய்ங்' என்று கத்தத் தொடங்கியது.

என் உள்ளம் துள்ளிய துள்ளலை என்னவென்று சொல்வேன்! எங்கள் ஊர்க் கோவிலில் அரனும் அரியும் ஒரே திருமேனியில் நிற்கிறார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இதோ ஒரே பொடியில் இரண்டு வண்ணம்! வெப்பம் பட்டால் தடை குறைந்து வழி திறக்கிறது என்கிறாள். அன்பினால் உருகாத நெஞ்சுக்குள் ஆண்டவன் நுழைவதில்லை என்று அடியார்கள் காலங்காலமாகச் சொல்லிவருவது வேறு என்ன? அன்றிரவு நான் மீனாட்சியிடம் எலக்ட்ரானைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். "அந்தப் பிள்ளையாவது படிச்சுட்டுப் பேசுது" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சில வாரங்களில் செய்தி வந்தது. கல்லூரிச் செயலாளர் ஆய்வகத்தைப் பார்க்க வருகிறாராம். கோமதி செய்வது என்னவென்று தம் கண்ணால் கண்டபின், ஒரு மின் உலை வாங்கலாமா, அவளையும் நிரந்தரமாக்கலாமா என்று முடிவு செய்வாராம். செயலாளர் அண்ணாச்சிக்கு வாசுதேவநல்லூர்ப் பக்கம் நிலபுலன், ஊருக்குள் வியாபாரம். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் எவரும் இப்போது உயிரோடு இல்லை என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்களாம். ஆனால் தெய்வ பக்தி மிக்கவர், பாட்டென்றால் உயிர்.

கடைசிச் சொற்றொடரைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"கோமதி, இறைவணக்கம் நான் பாடுதேன்."

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கூரையைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு பாட்டு மாமா," என்று பெருந்தன்மையோடு இணங்கினாள் கோமதி. "பொடிய முதல்லயே சூடாக்கிப் பீங்கான் கிண்ணத்துல மூடி வச்சிருவேன். செயலாளர் சாருக்கு ஃபேன் இல்லாம உக்கார முடியாது. ஃபேன் ஓடுனா பர்னர் சரியா எரியாது. அதனால அவரு உள்ள வந்ததும் தீய அணைச்சுருவோம். நீங்க ஒரு பாட்டுப் பாடுங்க. பாடி முடிச்ச கையோட மூடியத் திறந்து மஞ்சளக் காட்டுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். ஒரு பாட்டு, மாமா."

"ஒரே பாட்டு" என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகவே அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அந்த மார்கழிக் காலையில், நீராடி, நீறணிந்து, கரையிட்ட வேட்டியும் துண்டுமாக ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். மாணவிகள் வரிசையாக நின்றார்கள். கடைசி வரிசையில் மீனாட்சி பூப்பையோடு அமர்ந்திருந்தாள். நடுமேசையில் மூடிய பீங்கான் கிண்ணம். பக்கத்தில் அந்தக் கறுப்பு வில்லையும் பெட்டியும். செயலாளர் அண்ணாச்சி வந்து முன்வரிசையில் அமர்ந்தார். தீ அணைந்தது, மின்விசிறி சுழன்றது. கோமதி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"பெரியோர்களே! இந்தக் கிண்ணத்துக்குள் இருப்பது சற்று முன்புவரை வெண்ணீறு போன்ற பொடி. அடியேன் பாடி முடித்து மூடியை நீக்கும்போது, அது பொன்னாகப் பொலிவதைக் காண்பீர்கள்!"

(இந்த அறிவிப்பு நிகழ்ச்சி நிரலில் இல்லை. உணர்ச்சிப் பெருக்கில் வந்தது.)

முதல் பாட்டைத் தொடங்கினேன். குரல் என்றுமில்லாத வகையில் கூடிவந்தது. பாட்டு முடிகிற இடத்தில் செயலாளரைப் பார்த்தேன். கண்களை மூடியிருந்தார், தலை மெல்ல முன்னும் பின்னும் அசைந்தது. ஆஹா! எத்தனை ஆண்டுகளாக நான் காத்திருந்த கேட்பாளர்! இந்த நிலையில் இருப்பவரை முதல் பாட்டோடு கீழே இறக்கிவிடுவது பாவமில்லையா? இரண்டாம் பாட்டு தானாக வந்தது. இரண்டு வந்தபின் விரதம் விடுமா?

மூன்றாம் பாட்டில் கோமதி கிண்ணத்தைச் சுட்டிக் காட்டினாள். பொன் காத்திருக்கிறது என்று நினைவூட்டுகிறாள் என எடுத்துக்கொண்டு புன்னகைத்தேன். ஐந்தாம் பாட்டில் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். தாளம் போடுகிறாள் போலும். கடைசி வரிசையில் மீனாட்சி பூப்பையைத் தலைக்கு மேல் ஆட்டினாள். எங்கள் இல்லற வாழ்வில் அவள் என் பாட்டுக்கு ஆடியது அதுவே முதல் முறை. எனக்குக் கண் கலங்கியது. எட்டாம் பாட்டில் கோமதி இரு கைகளையும் கூப்பி என்னை நோக்கி நின்றாள். அந்தப் பிள்ளைக்குள்ளும் பக்தி இவ்வளவு ஊறிக் கிடக்கிறதே என்று உருகி, ஒன்பதாம் பாட்டை இன்னும் இழுத்துப் பாடினேன்.

கடைக்காப்பும் முடிந்தது. மேலே மின்விசிறி மட்டும் மகிழ்ச்சியாகச் சுழன்றுகொண்டிருந்தது. செயலாளர் கண் விழித்தார். நான் இடுக்கியால் மூடியைப் பற்றி, கர்ப்பக்கிருகத் திரையை விலக்குகிற பாவனையில் மேலே தூக்கினேன்.

உள்ளே, அப்பழுக்கற்ற வெள்ளை.

செயலாளர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "என்னவே, பொன்னுன்னீரு? சுண்ணாம்பு மாதிரில்லா இருக்கு!"

அப்போது நான், 'ஆறிவிட்டது' என்ற ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். அடுப்படியில் கோமதி அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். கரண்டியில் கண்ணாலும் கண்டிருந்தேன். ஆனால் என் பாட்டு ஒரு பொருளை ஆறவைக்கும் அளவுக்கு நீளம் என்ற எண்ணம் என் மனத்தில் நுழைய வழியே இல்லை. ஆகவே வேறொரு காரணம் தேடினேன், உடனே கிடைத்தது.

"அண்ணாச்சி, இது போலிச் சரக்கு!" என்று முழங்கினேன். "கலப்படம்! எவனோ ஒரு கடைக்காரன், படிக்கிற பிள்ளைகளையே ஏமாத்தியிருக்கான்."

"எந்தக் கடைக்காரன்?"

"எவனா இருந்தா என்ன? அவன் கடையில பெயிண்ட் வாங்கி அடிச்ச சுவரு எப்படி நிக்கும்? இவனையெல்லாம் பெரிய மனுசன்னு நம்பி ஊரு..."

"மாமா," என்றாள் கோமதி. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "அது சாரோட பெயிண்ட் கடையில வாங்குனது."

செயலாளரின் முகத்தில் தெரிந்த வண்ண மாற்றத்துக்கு எந்த அடுப்பும் தேவைப்படவில்லை. கோயம்புத்தூர் பேருந்தில் என் மகனும் மருமகளும் பெட்டி படுக்கையோடு ஏறுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நடத்துநர் டிக்கெட் கிழிப்பதுகூடத் தெரிந்தது. பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று மேசையைத் துழாவினேன். சிறியதாக ஏதோ ஒன்று கைக்குள் அகப்பட்டது. இறுக மூடிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

கீ...ய்ங்!

திடுக்கிட்டு நிறுத்தினேன். ஒலி நிற்கவில்லை. என்னைப் பேசவிடாமல் தடுக்கக் கல்லூரியில் வைத்திருக்கும் ஏற்பாடு என்று நினைத்து, அதை மீறும் வேகத்தில் இன்னும் உரக்கப் பேசினேன். "உங்க கடையப் போல நாணயமான கடை..." கீ...ய்ங்! "...இந்த ஊருலயே..." கீ...ய்ங்! கைவிரல்கள் மேலும் இறுகின. ஒலி காதைத் துளைத்தது. மாணவிகள் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"ஏங்க!" கடைசி வரிசையிலிருந்து மீனாட்சியின் குரல். "கையில இருக்கத மொதல்ல கீழ போடுங்க!"

கையைத் திறந்தேன். கறுப்பு வில்லை! மேசையில் வைத்தபின்னும், என் சூட்டை நினைத்து நினைத்துச் சற்று நேரம் கத்திவிட்டுத்தான் அது அடங்கியது.

கோமதி முன்னால் வந்தாள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"சார், மாமா சொன்னத மனசுல வச்சுக்கிடாதீங்க. உங்க பொடி நல்ல பொடிங்கதுக்கு அவங்க பாட்டுதான் சாட்சி."

"எப்படிம்மா?"

"அழுக்குச் சேந்த பொடின்னா, சூடாக்கி ஆறவச்ச பொறவும் நிறம் ஒட்டிக்கிட்டு நிக்கும். இது இவ்வளவு நேரம் ஆறியும் சுத்தமா வெள்ளைக்குத் திரும்பிருக்கு பாருங்க. அந்த அளவுக்கு ஆற விடணும்னா எங்களுக்குப் பொறுமை பத்தாது. மாமா பாடுனதால ஆச்சு."

செயலாளர் புருவத்தை உயர்த்தினார். "காட்டு பாப்போம்."

"ஃபேன நிறுத்தணும் சார்."

"நிறுத்து."

நின்றது. பர்னர் நீலமாக எரிந்தது. அண்ணாச்சியின் வழுக்கையில் வியர்வை முத்துமுத்தாக அரும்ப, அவர் துண்டால் துடைத்துக்கொள்ளவும் மறந்து கிண்ணத்தின் மேல் குனிந்திருந்தார். வெள்ளை கனிந்தது, இளமஞ்சளாயிற்று, பிறகு, என் பதிகம் முழுவதும் கூவி அழைத்தும் வராத அந்தப் பொன், யாரும் பாடாமலேயே வந்து பொலிந்தது.

"அடேயப்பா!" என்றார் அண்ணாச்சி.

தீயை அணைத்தார்கள். மஞ்சள் கரைந்து வெள்ளையாயிற்று. அவர் நிமிரவில்லை. "இன்னொரு தரம் காட்டும்மா." காட்டினாள். "இன்னும் ஒரே ஒரு தரம்." அதற்குள் நானும் என் அவமானத்தை மறந்து அவருக்கு மறுபக்கத்திலிருந்து குனிந்துவிட்டேன். எங்கள் இருவர் தலையும் முட்டிக்கொண்டன.

"ரெண்டும் ஒரே சங்கதிதான் சார்," என்று கோமதி வில்லையை எடுத்தாள். "சூடு பட்டா உள்ள இருக்கிற எலக்ட்ரானுக்கு வழி லேசாகுது. பொடியில அது நிறமாத் தெரியுது. இதுல கரண்டாத் தெரியுது. மாமா கையில கத்துனது அதான்."

செயலாளர் வில்லையை வாங்கிக் கைக்குள் மூடினார். அமைதி. மேலும் இறுக்கினார். அமைதி.

"என்னவே இது? உம்ம கையில அந்தக் கத்துக் கத்திச்சு. என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கு?"

"உங்க கை வேர்த்துக் கிடக்கு அண்ணாச்சி, குளுந்திருக்கும்," என்றேன் தாழ்ந்த குரலில். "என்னது வெக்கச் சூடு."

அப்போதுதான் வில்லை அவர் கைக்குள் 'கீய்ங்' என்றது. அண்ணாச்சி ஒருகணம் விழித்தார். பிறகு, பார்த்தவர் எவரும் உயிரோடு இல்லை என்ற அந்தச் சிரிப்பு வெளிப்பட்டது. தோள் குலுங்க, வில்லையை விடாமல், அது கத்தக் கத்தச் சிரித்தார். மாணவிகளும் துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

புறப்படும்போது கோமதியிடம், "திங்கக்கிழமை ஆபீசுக்கு வாம்மா. உலையும் வரும், உன் ஆர்டரும் வரும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் கைகூப்பி நின்றேன்.

"பாட்டு நல்லாத்தான் இருந்துருக்கும்வே. ஆனா நான் கண்ண மூடுனது பக்தியில இல்ல. ராத்திரி பூரா வயலுக்குத் தண்ணி பாய்ச்சுன இடத்துல நின்னுட்டு வாரேன். அசந்துட்டேன்."

இதைச் சொல்லாமலே அவர் போயிருக்கலாம்.

மாணவி ஒருத்தி எடுத்த காணொளி, வீட்டுக்கு வருவதற்குள் எங்கள் பாராயணக் குழுவின் வாட்ஸ்அப்பை அடைந்துவிட்டது. பதிகம் அதில் இல்லை. 'கீய்ங்' மட்டும் முழுமையாக இருந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஓர் அடியார் அழைத்து, "அண்ணாச்சி, பின்பாட்டு யாரு? சுருதி சுத்தமா இருக்கு" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையாவது விரிவாகச் சொல்லத் தொடங்கினால் போதும். மீனாட்சி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவாறே, "மஞ்ச போயிட்டு இருக்கு" என்பாள். கோமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். ஓடட்டும். ஓடுவதற்கு அந்த மாடி இருக்கிறதே!

சென்ற சரசுவதி பூசையன்று, புதிய மின் உலைக்குச் சந்தனம் குங்குமம் இட்டு ஆய்வகத்தில் பூசை வைத்தாள் கோமதி; இப்போது அவள் நிரந்தர விரிவுரையாளர். செயலாளர் அண்ணாச்சி வந்திருந்தார். "இறைவணக்கம் அவருதான் பாடணும்" என்று அவரே சொல்லிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுந்து நின்றேன். அப்போது மீனாட்சி அருகில் வந்து, சிறியதாக, வழவழப்பாக ஏதோ ஒன்றை என் கைக்குள் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்தக் கறுப்பு வில்லையேதான்! குனிந்து பார்க்கத் துணிவில்லை.

முதல் பாட்டைப் பாடினேன். கைக்குள் சூடு ஏறுவதை உணர்ந்தேன். இரண்டாம் பாட்டு நாவின் நுனியில் நின்றது. அண்ணாச்சியைப் பார்த்தேன், இம்முறை கண்களை அகலத் திறந்து என் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் முதல் முறையாக, தேரை நடுத்தெருவில் விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. நான் பாடி அப்படியொரு கைதட்டலை அதுவரை கேட்டதில்லை. அந்த ஆரவாரத்தினிடையே, ஒலி எழும் முன் தப்பித்தோம் என்ற நிம்மதியோடு கையை மெல்லத் திறந்து பார்த்தேன்.

புளியங்கொட்டை.